திருப்புலிவனத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்கு: ஐரோப்பியக் கப்பலில் ஏறும் முன்…

சொகுசுக் கப்பல் என்றதும் நம் மனதில் வருவது விளம்பரப் படம்தான். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், நீச்சல் குளத்தின் ஓரம் சாய்ந்திருக்கும் ஒரு ஜோடி. படத்தில் இருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால், படத்தில் இல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, தண்ணீருக்குக் காசு உண்டா, கடைசி நாள் பில்லில் என்ன வரும், முட்டிவலி உள்ள அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இவைதான் முக்கியம்.

நாங்கள் உத்திரமேரூர் பக்கம், திருப்புலிவனம். அப்பாவுக்கு விவசாயம். அம்மாவுக்கு வீடு, மாடு, வியாக்ரபுரீஸ்வரர் கோயில். அண்ணன் பிரான்ஸில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். நாலு வருடமாக ஊருக்கு வர முடியவில்லை. அவனுடைய இரண்டாவது குழந்தையை அப்பாவும் அம்மாவும் செல்போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தார்கள். லியோனில் இருப்பது சின்ன வீடு. அண்ணன், அண்ணி இருவருக்கும் கிடைத்தது ஒரு வாரம் சொச்சம் லீவு. 'கப்பலில் சந்திப்போம்' என்ற யோசனை அப்படித்தான் வந்தது. போன மே மாதம் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

ஏறுவது ஓரிடம், சேருவது வேறிடம்

ஐரோப்பியக் கம்பெனிகளில் நம்மவர்கள் அதிகம் கேள்விப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று கோஸ்டா. இத்தாலியின் ஜெனோவாவில் 1854-ல் தொடங்கிய வியாபாரக் குடும்பத்தின் பெயர் அது. 1948-ல் பயணிகள் கப்பலுக்கு வந்தார்கள். இப்போது அமெரிக்காவின் கார்னிவல் குழுமத்தில் இருக்கிறது. இன்னொன்று எம்.எஸ்.சி. தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா. சரக்குக் கப்பலில் இருந்து வளர்ந்த கம்பெனி.

கோஸ்டா நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் மும்பையில் இருந்து மாலத்தீவுக்குக் கப்பல் விட்டது. 2023 நவம்பரில் 'கோஸ்டா செரினா' மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று நம் கரையோரமாகவே ஓடியது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து கிளம்பிய கார்டீலியா இந்தியக் கம்பெனி. அதில் போய் வந்தவர்கள் 'ஐரோப்பியக் கப்பலும் இப்படித்தான் இருக்கும்' என்று எண்ணிவிட வேண்டாம். பழக்கவழக்கம் வேறு.

முதல் வித்தியாசம், ஏறும் இடம். மத்தியதரைக் கடலில் ஓடும் இந்தக் கப்பல்கள் நம்மூர் டவுன் பஸ் மாதிரி. ஒரே வட்டத்தில் வாராவாரம் சுற்றும். பல துறைமுகங்களில் ஆள் ஏறுவார்கள், ஆள் இறங்குவார்கள். எங்கே ஏறினாலும் ஏழு இரவு கழித்து அதே இடத்தில் இறங்கலாம். நாங்கள் ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் ஏறினோம். மறுநாள் சவோனா. மூன்றாம் நாள் மார்செய். அங்கே அண்ணன் குடும்பம் ஏறியது. லியோனில் இருந்து மார்செய்க்கு வேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஆக, ஐந்து இரவு எல்லோரும் ஒரே கூரையின் கீழ். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இது நல்ல வழி.

இதில் ஒரு சிரமமும் உண்டு. தினமும் புது ஆட்கள் வருவதால் கப்பலுக்குள் எப்போதும் ஒரு பஸ் ஸ்டாண்டு பரபரப்பு இருக்கும். 'எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டோம்' என்ற உணர்வு கிடைக்காது.

விசா, பாஸ்போர்ட், ஒரு நாள் முன்னதாக

இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா போதும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. துனிசியா, துருக்கி போன்ற நாடுகளைத் தொடும் வழித்தடம் என்றால், பலமுறை நுழையும் விசா தேவைப்படும். டிக்கெட் போடும் முன் வழித்தடத்தைப் பாருங்கள்.

விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே போய் ரோமில் தங்கினோம். ரோமில் இருந்து துறைமுகம் சுமார் 70 கிலோமீட்டர். ரயில் இருக்கிறது.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். வந்து சேர மாலையாகலாம். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போனால் வாங்கி வைத்துவிடுவார்கள். தீ பயம். ஊதுவத்தி, கற்பூரம், விளக்குக்கும் அனுமதி இல்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம். விடியற்காலையில் பால்கனியில் நின்று, சூரியனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி.

முதல் நாள் ஒத்திகையைத் தவற விடாதீர்கள்

ஏறியதும் எல்லோரும் பஃபே பக்கம் ஓடுவார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற ஒத்திகை. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால், உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2012 ஜனவரி 13 இரவு, கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200 பேருக்கு மேல் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். சில மணி நேரம் முன்பு சிவிட்டாவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதன் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். நாங்கள் ஏறியதும் அதே துறைமுகம். அப்பா இரண்டு முறை நடந்து பார்த்து, படிக்கட்டை எண்ணி வைத்துக்கொண்டார்.

தண்ணீருக்கும் பில்

டிக்கெட்டில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் எல்லாம் அடங்கும். அடங்காதவை: குளிர்பானம், மது, இன்டர்நெட், துணி துவைப்பது, கரையில் சுற்றிக் காட்டுவது, தனி உணவகங்கள். ஐரோப்பியக் கப்பல்களில் பலவற்றில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் தண்ணீருக்கே காசு. முதல் இரவு ஒரு பாட்டிலுக்கு நம் காசில் முந்நூறு ரூபாய் போட்டார்கள்.

"இந்தக் காசுக்கு நம்மூர்ல பத்து கேன் வாங்கலாமேம்மா!" என்றார் அப்பா.

மறுநாள் வழி கண்டுபிடித்தோம். பஃபே பகுதியில் தண்ணீர்க் குழாய் இருந்தது. வீட்டில் இருந்து கொண்டு போன பாட்டில் கைகொடுத்தது. தண்ணீர், காபி எல்லாம் சேர்ந்த பேக்கேஜை முன்பதிவின்போதே வாங்கினால் மலிவு. ஆனால், பெரும்பாலும் அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்க வேண்டும் என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். ஆளுக்கு ஓர் இரவுக்குப் பத்து யூரோவுக்கு மேல் தானாகவே பில்லில் ஏறும். மூன்று பேர், ஏழு இரவு என்றால் எவ்வளவு என்று கிளம்பும் முன்பே பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் ரொக்கம் கிடையாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையைத்தான் நீட்ட வேண்டும். அதை நம் கிரெடிட் கார்டோடு இணைப்பார்கள். சில கார்டுகளை ஏற்க மாட்டார்கள் என்பதால் இரண்டு கார்டு வைத்திருப்பது நல்லது. நடுக்கடலில் செல்போன் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்தால் கட்டணம் கண்ணைக் கட்டும். ஏறியதுமே ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள்.

கணக்கைத் தினமும் பார்க்கலாம். அறை டி.வி-யிலோ, வரவேற்பறையிலோ காட்டுவார்கள். அப்பா தினம் காலை பார்த்தார். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஊர் வாரியத்துக்குத் தகுதியில்லை என்று 1,100 வருடம் முன்பே உத்திரமேரூர்க் கோயிலில் கல்வெட்டு வைத்த மண்ணில் பிறந்தவர் இல்லையா!

ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பாடு

இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் இரவுச் சாப்பாட்டைத் தாமதமாகச் சாப்பிடுகிறவர்கள். உணவகத்தில் இரண்டு பந்தி. முதல் பந்தி ஏழு மணி வாக்கில், இரண்டாவது ஒன்பதுக்கு மேல். ஏழரைக்குச் சாப்பிட்டுப் படுக்கும் வீட்டுக்காரர்கள் முன்பதிவிலேயே முதல் பந்தி கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு இது முக்கியம்.

சைவம் கிடைக்கும். பாஸ்தா, பீட்சா, சாலட், காய்கறி, பழம், ரொட்டி. ஆனால் சூப்பில் கோழியோ மீனோ வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். சைவம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மேஜையிலும் ஒருமுறை சொல்லுங்கள். கேட்டால் சாதம், பருப்பு செய்து தருவார்கள். காரம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பாக்கெட் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எங்களைக் காப்பாற்றின.

ஒன்றிரண்டு இரவு 'காலா நைட்' என்று உடுத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். கோட்டு வாங்க வேண்டாம். அம்மா காஞ்சிபுரம் பட்டு, அப்பா வேட்டி சட்டை. அன்று போட்டோ எடுக்க எங்கள் மேஜைக்கு வந்தவர்கள்தான் அதிகம்.

நீச்சல் குளம் பக்கம் உடை குறைவாக இருக்கும், மேல்தளத்தின் சில பகுதிகளில் சிகரெட் புகை வரும், சூதாட்டக் கூடம் ஒன்று இருக்கும். பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை.

ஐந்து மொழியில் அறிவிப்பு

ஒலிபெருக்கியில் ஒரே செய்தியை இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், இங்கிலீஷ் என்று சொல்லி முடிக்கும்போது பாதிப் பேர் கவனிப்பதை விட்டிருப்பார்கள். அப்பா, அம்மாவுக்கு இங்கிலீஷும் ஓட்டம்தான். மார்செய்யில் ஏறிய எட்டு வயசுப் பேரன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். பிரெஞ்சில் கேட்டு, "தாத்தா, நாளைக்கு எட்டு மணிக்கு பார்சிலோனா. அஞ்சு மணிக்குள்ள திரும்பி வரணுமாம்" என்று தமிழில் சொல்வான். வீட்டில் தமிழ் பேசக் கூச்சப்படுகிறான் என்று அண்ணி போனில் வருத்தப்பட்ட அதே பையன். மூன்று நாளில் தமிழ் சரளமாகிவிட்டது.

சின்னவள் முதலில் கிட்டவே வரவில்லை. திரையில் பார்த்த முகம் நேரில் பெரிதாக இருந்ததோ என்னவோ. பால்மாவைத் தாண்டிய பிறகு ஒரு முழு நாள் கடலிலேயே போனது. இறங்க ஊர் இல்லை, பார்க்க இடம் இல்லை. அன்று மதியம் "ஆயா" என்று சொல்லிக்கொண்டு அம்மாவின் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அம்மா இரண்டு மணி நேரம் காலை அசைக்கவில்லை. குடும்பமாகப் போகிறவர்கள், தினமும் ஓர் ஊரில் நிற்கும் வழித்தடத்தைவிட, ஒரு நாளாவது கடலில் கழியும் வழித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கால், தலைசுற்றல், கரை

பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். அறையில் இருந்து சாப்பாட்டுக் கூடம் போய் வருவதே ஒரு நடை. முட்டிவலி இருப்பவர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில், கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டமும் அங்கேதான் குறைவு. தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கி வையுங்கள்.

எல்லா ஊரிலும் இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பார்சிலோனாவில் நானும் அண்ணன் குடும்பமும் போய் வந்தோம். அப்பாவும் அம்மாவும் காலியான மேல்தளத்தில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்தார்கள். தனியாக இறங்கினால், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

அந்தச் சர்வீஸ் சார்ஜ்

எங்கள் மேஜைக்குப் பரிமாறியவர்களில் ஒரு பையன் திருநெல்வேலிப் பக்கம். எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் ஊர் என்றான். அவனுக்கும் ஒரு குழந்தை. அவனும் அதைப் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறான். அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி நாள் பில் வந்தபோது சர்வீஸ் சார்ஜ் வரியைக் காட்டி, "இது சரிதான், விடு" என்றார்.

எட்டாம் நாள் காலை சிவிட்டாவெக்கியா. நாங்கள் இறங்கினோம். அண்ணன் குடும்பத்துக்கு இன்னும் இரண்டு இரவு பாக்கி. எப்போதும் ஊருக்கு வருகிறவர்களை நாம்தான் வழியனுப்புவோம். இந்த முறை அவர்கள் மேலே நின்று கையசைத்தார்கள், அப்பாவும் அம்மாவும் கீழே இருந்து பார்த்தார்கள். சின்னவள் கத்தியது காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

"என்னையதான் கூப்பிடுது" என்றார் அப்பா.