சுற்றறிக்கையும் சுபாவமும்

சென்ற ஆண்டு நமது காரியாலயத்தில், எப்பொருளும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் தலையில் சுமத்தப்பட்டது. சுற்றுச்சூழலைப் பேணுதல் எல்லா ஸ்தாபனங்களுக்கும் கடமையாகிவிட்ட காலம் இது. ஆகவே நாமும் உற்சாகத்துடனேயே அதனை ஏற்றோம். காகிதத்தின் இருபுறமும் அச்சிடவேண்டும், ஆளில்லா அறையில் குளிர்சாதனம் ஓடலாகாது, தேநீருக்குக் காகிதக் கோப்பை கூடாது என்று அடுத்தடுத்து மூன்று சுற்றறிக்கைகள் விடுத்தோம்.

முதல் வாரத்தில், வீட்டிலிருந்து வந்த கோப்பைகள் மேசைதோறும் அணிவகுத்து நின்றன. மூன்றாம் வாரத்தில் அவற்றில் பேனாக்கள் குடியேறின. தேநீர் பழையபடி காகிதக் கோப்பையிலேயே வந்தது. நமது மூன்றாவது சுற்றறிக்கை ஒருபுறம் மட்டுமே அச்சிடப்பட்டு எல்லா மேசைகளுக்கும் சென்றிருந்தது. அதனை ஓர் இளைஞர் புன்னகையோடு சுட்டிக்காட்டியபோது நாம் தலைகுனிந்தோம். இப்பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்றே முடிவு செய்திருந்தோம்.

இந்த மனநிலையில்தான், அன்னையாரின் கண்புரை அறுவைக்காக விடுப்பெடுத்துக்கொண்டு மதுரைக்குச் சென்றோம்.

அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு வாசகர் பலரும் அறிந்ததே. அரசாங்கப் பணியினின்று ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, தமது 58-வது வயதில், 1976-ம் ஆண்டு, 11 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும், அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். தவிர்க்கக்கூடிய பார்வையின்மையை ஒழித்தல் ஒன்றே அவர் மேற்கொண்ட லட்சியம். கட்டணம் செலுத்த இயன்றவர் தரும் பணத்தைக்கொண்டே, இயலாதவர்க்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை அளிப்பது அங்குள்ள ஏற்பாடு.

இந்த லட்சியத்தின் கணக்கு எளியது. ஓர் அறுவைக்கு ஆகும் செலவு குறைந்தால், அடுத்தவருக்கும் பார்வை கிடைக்கும். ஒரு மணி வீணானால், வெளியே காத்திருக்கும் ஒருவர் இருளில் மேலும் ஒருநாள் இருப்பார். ஆகவே ஒரே அறையில் இரண்டு மேசைகள். ஒரு நோயாளிக்கு அறுவை முடியும்போது மறு மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். கருவிகள் ஒருமுறை பயன்பட்டதும் குப்பைக்குச் செல்வதில்லை. முறைப்படி நீராவியில் கிருமி நீக்கப்பட்டு மீண்டும் வருகின்றன. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டினின்று பெரும் விலைக்கு வந்தது. அதையும் குறைந்த விலையில் செய்து அளிக்க, 1992-ல் அரோலேப் என்னும் தொழிற்சாலையைத் தொடங்கினர்.

இவற்றின் பயன் என்ன? 2017-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி அதனை அளந்து காட்டிற்று. அங்கே நடைபெறும் புரை அறுவை ஒன்றினால் வெளியாகும் கரியமிலவாயு ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆவதில் இது சுமார் இருபதில் ஒரு பங்கு. சேரும் கழிவோ 250 கிராம் அளவே. சிகிச்சையின் பலன் இதனால் எவ்விதத்திலும் குறைந்துவிடவுமில்லை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. கரியமிலவாயுவைக் குறைக்கவேண்டும் என்று எண்ணி அவர்கள் இவற்றில் எதனையும் தொடங்கவில்லை. பார்வை அளிக்கவேண்டும் என்று எண்ணினர். வீணாக்காமை அதனுடன் தானே வந்து சேர்ந்தது. நாளடைவில் அதுவே அங்குள்ளோரின் சுபாவமாயிற்று.

ஊருக்குத் திரும்பும் வழியில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்த அன்னையாரிடம் நமது சுற்றறிக்கைகளின் கதையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "ஏனப்பா, பின்னால் வரிசையில் நிற்கிறவளுக்கும் வேண்டுமே என்கிற நினைப்பு இருந்தால், கை தானாக அளந்து போடும். நீ எழுதி ஒட்டியா வரும்?" என்றார்.

நமது ஸ்தாபனம் சரக்குகளை ஊர்விட்டு ஊர் அனுப்புவது. ஒப்படைத்த பொருள் சேதமின்றிக் குறித்த நாளில் சேரவேண்டும் என்பதே அதன் தர்மம்; வாயிலில் பொறித்தும் வைத்திருக்கிறோம். அந்தத் தர்மத்துக்கும் தேநீர்க் கோப்பைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது அப்போதுதான் புலனாயிற்று. விடுப்பு முடிந்து திரும்பியதும் சுற்றறிக்கையை விடுத்து, கிடங்கிற்குச் சென்றோம். சரக்கு ஏற்றும் தொழிலாளர்களிடம், "இங்கே எது வீணாகிறது?" என்று கேட்டோம்.

அவர்கள் ஆண்டுக்கணக்காக அறிந்துவைத்திருந்தார்கள்; கேட்பாரில்லை. சிறு பொருளுக்குப் பெரிய பெட்டி. உள்ளே அது உருண்டு உடைகிறது. அடியில் வைக்கும் மரச்சட்டங்கள் ஒருமுறை பயன்பட்டதும் விறகாகின்றன. லாரிகள் பாதி வெறுமையாகத் திரும்பி வருகின்றன. "பெட்டி பொருத்தமாக இருந்தால் உடையாது, வண்டியிலும் இடம் மிஞ்சும்" என்றார் மூத்த தொழிலாளி ஒருவர். சேதமும் விரயமும் ஒன்றே என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் உணர்த்திவிட்டார்.

இப்போது பெட்டிகள் அளவறிந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சட்டங்கள் திரும்பி வருகின்றன. பழுதானால் கிடங்கிலேயே ஆணியடித்துச் செப்பனிடுகின்றனர். திரும்பும் வண்டிகளுக்குச் சரக்குத் தேடும் முயற்சி இன்னும் முழுப் பயன் தரவில்லை. காகிதக் கோப்பையும் ஒழிந்தபாடில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதனை இப்பத்திரிகையில் எழுத ஒரு காரணம் உண்டு. ஊரைவிட்டு வந்த நமது பிள்ளைகள் தமிழர் வாழ்வை மறவாதிருக்க வேண்டும் என்பதற்காகவே நம் சங்கம் நிற்கிறது. ஆயினும் சென்ற ஆண்டு விழா முடிந்த இரவில், மண்டபத்தின் பின்புறம் குவிந்திருந்த பிளாஸ்டிக் தட்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கண்ட அன்பர்கள் பலர். வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் நமது பந்தியின் இலக்கணமல்லவா? விரயத்தைக் குறைக்க வேண்டி அன்று. நாம் யார் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டியேனும் அவை திரும்ப வரவேண்டும்.

வரும் பொங்கல் விழாவுக்கு நமது வீட்டிலிருந்து இருபது தம்ளர்கள் கொண்டு வருகிறோம். அவற்றைக் கழுவும் வேலையும் நம்முடையதே. துணை நிற்க விரும்பும் அன்பர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் மகிழ்வோம்.