ஆறா, எட்டா?

"இந்த வயசுல விமான விளையாட்டா?" என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை. ஆரம்பத்தில் நானும் கேட்டவள்தான்.

என்னவர் ஓய்வு பெற்ற மறு மாதம், பையன் தன் பழைய கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பாவுக்குப் பொழுது போகட்டுமே என்ற நல்ல எண்ணம். பொழுது நன்றாகவே போயிற்று. நான் வைத்த காபிதான் தினமும் ஆறிப் போயிற்று.

வெறுமனே ஓட்டினால் போதாதாம் இவருக்கு. நிஜ விமானம் போகிற வழியிலேயே போக வேண்டுமாம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், கிளம்பிப் போக இன்ன வழி, வந்து இறங்க இன்ன வழி என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். போகிற வழிக்கு 'சிட்', வருகிற வழிக்கு 'ஸ்டார்' என்று பெயர். வழி நெடுக ஐந்தெழுத்துப் பெயரோடு புள்ளிகள். இந்தப் புள்ளியில் இத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. உலகம் முழுவதும் 28 நாளைக்கு ஒரு தரம், வியாழக்கிழமையில், இந்த விவரங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. இவரிடம் இருந்ததோ பழசு. சந்தா கட்டிப் புதுசு வாங்க மனசு வரவில்லை. விமான நிலைய ஆணையம் இணையத்தில் வெளியிடுகிற வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஃபைலைத் தானே திருத்த உட்கார்ந்துவிட்டார்.

சென்னைக்கு 'வி.ஓ.எம்.எம்.' என்று ஒரு ஃபைல். திறந்தால் வரிக்கு வரி எழுத்தும் எண்ணும், நடுவே புள்ளிக் கோலம் மாதிரி கமாக்கள். 6000 அடி என்றால் 06000 என்று எழுத வேண்டும். 74.3 டிகிரி என்றால் புள்ளி வைக்காமல் 0743. ஒரு கமா விட்டுப்போனால் பின்னால் உள்ளதெல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். திசை இருக்க வேண்டிய இடத்தில் தூரம் வந்து உட்காரும். அதனால் இவர் மூன்று விதி வைத்திருந்தார். மூல ஃபைலுக்கு நகல் எடுக்காமல் கை வைக்கக் கூடாது. ஒரு சமயத்தில் ஒரு வரிதான் மாற்ற வேண்டும். மாற்றியதும் பறந்து பார்த்துவிட வேண்டும்.

"விளையாட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு கெடுபிடி?" என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கு ஒரு கதை சொன்னார். 1995 டிசம்பர் 20-ஆம் தேதி, கொலம்பியா நாட்டில் காலி என்ற ஊருக்கு ஓர் அமெரிக்க விமானம் இறங்க வந்தது. விமானிகள் பக்கத்திலிருந்த 'ரோஸோ' என்ற இடத்தை மனசில் வைத்துக்கொண்டு, 'ஆர்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினார்கள். விமானக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துக்கு இருந்ததோ போகோட்டா பக்கத்து 'ரோமியோ'. விமானம் அந்தத் திசைக்குத் திரும்பிவிட்டது. தெரிந்து சமாளிப்பதற்குள் மலை. 159 உயிர் போயிற்று. கேட்டதிலிருந்து நான் கேலி பேசுவதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம். "ஃபைல் சரியாத்தான் இருக்கு, விமானம் மட்டும் இறங்க மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டிருந்தார். ஓடுதளத்துக்கு வரும்போதெல்லாம் வேண்டிய உயரத்துக்கு மேலேயே இருந்ததாம். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் 6000. ஃபைலில் 08000.

"ஆறை எட்டுன்னு அடிச்சிருக்கீங்களே!"

"இல்லையே, ஆறுதானே இருக்கு?"

மேலே தேடினேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே தவறு. கை தவறி அடித்தால் ஒரு தரம் வரும். மூன்று தரம் வருமா? "உண்மையைச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "ரெண்டு மூணு மாசமாவே சைபர், ஆறு, எட்டு மூணும் ஒரே மாதிரிதான் தெரியுது. கண்ணாடி மாத்தினா சரியாப் போயிடும்னு இருந்தேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் பகீரென்றது. இவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி இன்சுலின் 10 யூனிட். பேனாவைத் திருகி, எண்ணைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்வார். அந்த மாதத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, நான் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருந்தேன். ராத்திரி சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று நினைத்திருந்தோம். 10-க்குப் பதில் 16-ஓ 18-ஓ போயிருந்தால்?

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியச் செய்து பார்த்தார். சர்க்கரையினால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தது. கண்ணுக்குள் ஊசி, மாதா மாதம். ஊசி என்றதும் எனக்குத்தான் தலை சுற்றியது. மரத்துப்போக மருந்து விட்டுப் போட்டதால் இவர் தைரியமாக இருந்தார். சர்க்கரை டாக்டரும் மருந்துகளை ஒழுங்கு செய்தார். வலது கண் நன்றாகத் தேறியது. இடது கண் முழுதாகத் திரும்பவில்லை.

"வருஷா வருஷம் வந்திருந்தா முன்னாடியே பிடிச்சிருக்கலாமே, அம்மா" என்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கோளாறு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், கண் நன்றாகத் தெரிகிறது என்றாலும் வருஷத்துக்கு ஒரு தரம் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லி அழைத்துப் போய்விடுங்கள், சகோதரிகளே.

இப்போது வரைபடத்தை நான் படிக்கிறேன், இவர் அடிக்கிறார். கட்டுப்பாட்டு அறை சொல்கிற உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அதேபோல் இவரும் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்கிறார். தப்பு வருவதில்லை.

ராத்திரி இன்சுலின் பேனாவைத் திருகுவது என் பொறுப்பு. "பத்து" என்கிறேன். "பத்து" என்கிறார். அதற்குப் பிறகுதான் ஊசி.