பெயர் போன கதை

2024-ம் வருஷம் ஆடி மாதத்தில் நான் ஒரு பெயரை விற்றேன். ஆடியில் நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது என்று என் தாயார் சொல்வதுண்டு. விற்பது நல்ல காரியத்தில் சேர்த்தியா என்று அவளைக் கேட்காமலே விற்றுவிட்டேன்.

பெயர் என்றால் என் பெயர் அல்ல. அதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். நான் விற்றது இணையத்தில் ஒரு விலாசம். டொமைன் என்கிறார்களே, அது. 2009-ல் நானும் என் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தோம். பெயர் அவர் வைத்தது. மூன்றே எழுத்து, சொன்னால் வாயில் இனிக்கும். ஏழு வருஷம் நடந்த பிறகு, பேப்பர் கடைப் பாக்கியோடு பத்திரிகை நின்றது. பிறகு நண்பரும் போய்விட்டார். பெயர் மட்டும் என் கணக்கில் உயிரோடு இருந்தது. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கட்டினால் போதும். இறந்த பத்திரிகையின் திதிக்குத் தட்சிணை கொடுப்பதுபோல் தவறாமல் கட்டிவந்தேன்.

திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர் மின்னஞ்சல் எழுதினார். குழந்தைகளுக்கான சட்டை, கவுன் இவற்றை இணையத்தில் விற்கப்போகிறாராம். அந்தப் பெயர் வேண்டுமாம். அறுபதாயிரம் தருவதாகச் சொன்னார். நேராக நண்பர் வீட்டுக்குப் போனேன். பெயர் அவருடையது, ஆகையால் பணம் முழுவதும் அவர் மகளின் கல்லூரிச் சம்பளத்துக்கு என்று அண்ணியிடம் சொன்னேன்.

“பேரைப் போய் விக்கணுமா, தம்பி?” என்றார் அண்ணி.

நான்தான் வாதாடினேன். சும்மா கிடக்கிற பெயர் ஒரு பெண்ணைப் படிக்கவைக்கட்டுமே என்று வசனம் பேசினேன். கதை எழுதிப் பழகிய வாய்.

பெயர் கைமாறிய ஏழு நாளைக்குள் பணம் என்று அவர் எழுதினார். சம்மதம் என்று நான் எழுதினேன். பூட்டைத் திறந்து, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை அனுப்பினேன். முதலில் பணத்தைக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, சன்மானத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய ஜாதி அல்லவா நாங்கள்!

எட்டாம் நாள் பதில் வந்தது. பெயரைத் தேடினால் வேறு கடைகள்தான் முதலில் வருகின்றன, கேவலம் ஒரு வார்த்தைக்கு அறுபதாயிரமா, கொடுப்பதற்கில்லை. அதற்குப் பிறகு என் மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை, தொலைபேசிக்கும் பதில் இல்லை. பெயரை மட்டும் திருப்பித் தரவில்லை.

பெயரைப் பதிவு செய்து தந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மிகவும் மரியாதையான பதில். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலில் அவர்கள் தலையிடுவதில்லையாம். கோர்ட்டு உத்தரவு கொண்டுவந்தால் அதன்படி செய்வார்களாம்.

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். எழுபது வயசு தாண்டியவர். என் நாவல்களில் வரும் கோர்ட்டுக் காட்சிகளைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறவர். அவரிடம் போனேன்.

“பத்திரம் எழுதினீரா?” என்றார்.

“இல்லை. மின்னஞ்சல்தான்.”

“அது போதும். ஒருத்தன் கேட்டு, இன்னொருத்தன் சரி என்று சொன்னால் ஒப்பந்தம். 1872-ம் வருஷத்துச் சட்டம், இன்றைக்கும் அதுதான். மின்னஞ்சலில் சொன்னது என்பதற்காக அது செல்லாது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10-ஏ என்று ஒரு பிரிவை 2008 திருத்தத்தில் அதற்காகவே சேர்த்திருக்கிறார்கள். சரி, சரக்கைக் கொடுத்தாயிற்றா?”

“ஆயிற்று.”

“பணம் வாங்காமல்?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நிதானமாகத் துடைத்தார்.

“கொடுப்பதற்கு முன்னால் அவன் பின்வாங்கியிருந்தால் விஷயம் சுலபம். பெயர் உம் கையில் இருக்கும். வேறு ஒருவனுக்கு விற்கலாம். நாற்பதாயிரத்துக்குத்தான் போயிற்று என்றால், குறைந்த இருபதாயிரத்தை இவனிடம் நஷ்டஈடாகக் கேட்கலாம். வேறு ஆளைத் தேடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த நஷ்டத்தைக் கோர்ட்டு கழித்துக்கொள்ளும், அது வேறு. அல்லது, எஸ்க்ரோ என்று நடுவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவன் பணத்தை அவர்களிடம் கட்டவேண்டும். பெயர் போய்ச் சேர்ந்ததும் உமக்குக் கொடுப்பார்கள். நீர் ரொம்பப் பெரிய மனுஷர், இதெல்லாம் எதற்கு?”

போலீஸுக்குப் போனால் என்ன என்று கேட்டேன். நானூற்றிருபது என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தக் குற்றம் 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் 318-ம் பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும் சாரம் மாறவில்லை. வாக்குக் கொடுத்த நிமிஷத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டவேண்டும். பிறகு மனம் மாறிக் கொடுக்காமல் போனால் அது வெறும் கடன் பாக்கிதான். இந்த இடத்தில் நான் கொஞ்சம் அசந்துபோனேன். என் கதைகளில், வில்லன் முதல் அத்தியாயத்திலேயே என்ன நினைத்தான் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறேன். யாரும் சாட்சி கேட்டதில்லை.

பெயர்த் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே ஐகான் என்ற அமெரிக்க சபை 1999-ல் ஒரு விதிமுறை ஏற்படுத்தியிருப்பதாக நான் எங்கோ படித்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

“அது வியாபார முத்திரை வைத்திருப்பவனுக்கு. அவன் பெயரை வேறொருவன் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்துகொண்டால், அதைப் பிடுங்கிக் கொடுக்கிற ஏற்பாடு. விலைப் பணம் வசூல் பண்ணிக் கொடுக்கிற வேலை அதற்கு இல்லை” என்றார். பிறகு, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். அந்த டொமைனின் பெயரை இங்கே எழுதக் கை கூசுகிறது. வயசு வந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1995-ல் ஒரு ஆசாமி பொய்க் கடிதம் ஒன்றைக் காட்டி, கேரி கிரெமன் என்பவரின் பெயரைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். கிரெமன் வருஷக்கணக்கில் வழக்காடிப் பெயரைத் திரும்பப் பெற்றார். 2001-ல் ஆறரைக் கோடி டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பும் ஆயிற்று. எதிராளி நாட்டை விட்டே ஓடிப்போனான். 2005-ல் மெக்ஸிகோவில் பிடிபட்டான். டொமைன் என்பதும் ஒரு சொத்துத்தான், களவு போகக்கூடியதுதான் என்று அங்கே மேல் கோர்ட்டு 2003-ல் சொல்லிற்று.

“ஆறரைக் கோடியும் வந்ததா?” என்றேன்.

“தீர்ப்பு வந்தது” என்றார் வக்கீல்.

எனக்கு மிஞ்சியது சிவில் வழக்கு. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தின் மேல் திட்டமான தொகை பாக்கி என்றால், 37-வது ஆர்டர் என்று சுருக்கு வழி ஒன்று உண்டு. பிரதிவாதி கோர்ட்டின் அனுமதி பெற்றால்தான் எதிர்வழக்காடலாம். மூன்று வருஷத்துக்குள் போடவேண்டும். மின்னஞ்சலை அச்சடித்து நீட்டினால் மட்டும் போதாது. அது இன்ன கருவியிலிருந்து இன்ன விதமாக எடுத்தது என்று சட்டப்படி சான்றிதழ் வைக்கவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அறுபதாயிரத்துக்கு எத்தனை வாய்தா தாங்கும் என்று நீரே கணக்குப் போட்டுக்கொள்ளும். முதலில் நோட்டீஸ் விடுவோம்” என்றார்.

நோட்டீஸில் ஒரு வாக்கியம் மட்டும் நான் சொல்லிச் சேர்த்தது: பணத்தைக் கொடு, அல்லது பெயரைத் திருப்பிக் கொடு. சேர்க்கும்போதே, இரண்டில் எது வரவேண்டும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணியைப் பார்க்கப் போனேன். அதுவரை, “பணம் வந்துகொண்டே இருக்கிறது” என்று சொல்லி வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லூரிச் சம்பளம் கட்டியாகிவிட்டது என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கழுத்தில் எப்போதும் கிடக்கும் இரட்டைவடம் இல்லை, மஞ்சள் நூல்போல் மெல்லிய சங்கிலி ஒன்றுதான் இருந்தது. அடகுக் கடை வட்டி அந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் அந்த இளைஞரின் தகப்பனார். பதிவுத் தபால் அவர் கைக்குத்தான் போயிருக்கிறது. பையன் கடன் வாங்கித் துணி எடுத்துப் போட்டு, விற்காமல் வீடு முழுக்கக் கவுன் கிடக்கிறதாம். “பையன் செஞ்சது தப்புங்க. மாசம் அஞ்சாயிரமாக் கட்டிடறேன். கோர்ட்டுக்கு மட்டும் போகாதீங்க” என்றார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. போனால் போகிறது, பாதி போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். இரட்டைவடம் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

வக்கீல் இளகவில்லை. “எழுத்தில் வாங்கும். பாக்கி இவ்வளவு என்று பையன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றையிலிருந்து மறுபடி மூன்று வருஷம் கணக்கு” என்றார். பையன் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டு தவணை.

மூன்றாவது தவணை வந்ததும், சேர்ந்த பதினையாயிரத்தையும் எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். அண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய், அலமாரியைத் திறந்து, ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்தார். பத்திரிகையின் சந்தா ரசீது. மேலே அந்த மூன்றெழுத்து, நண்பர் தம் கையால் எழுதி பிளாக் செய்த எழுத்து. என் பெயரைப் போட்டு, தொகையை எழுதி, கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

“இன்னும் ஒம்பது தாள் இருக்கு, தம்பி. போதும்” என்றார்.