வாயுவை மாற்றுகிறவர்கள்

காண்டாவனம் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் போறணைகளாகிவிடும். பகலெல்லாம் வெய்யிலைக் குடித்த சுவர் இரவெல்லாம் அதனை உமிழும். ஓலைக் கூரையும் மண்சுவருமாக இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டுச் சீமெந்துத் தட்டுக்கூரை போட்டவர்கள் நாமேயாதலின், குறை சொல்வதற்கு வேறொருவரும் இல்லை. எமது தாயார் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த ஆண்டிலே, வெள்ளவத்தையிலிருந்த சின்னம்மா கனடாவுக்குப் புறப்படும்போது கழற்றிக் கொடுத்த பழைய குளிரூட்டி ஒன்று எம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சமத்துவம் பேசும் வாத்தியார் வீட்டில் ஏசியா என்று நண்பரொருவர் கேலி செய்தார். புரண்டு படுக்கவும் இயலாத முதியவளுக்குக் குளிர்ச்சி ஆடம்பரமன்று என்று நாம் அன்று சொன்ன விடையை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது வேறொன்றை. அந்தப் பெட்டி ஆண்டுக்கொரு முறை குளிர மறுத்துவிடும். யாராவது ஒருவரை அழைப்போம். அவர் வந்து, வெளியேயுள்ள பகுதியின் ஆணியைத் தளர்த்தி, எஞ்சியிருந்த வாயுவைச் சீறலுடன் முற்றத்தில் விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பிப் போவார். பணத்தைக் கொடுத்து, ஒரு தேநீரும் கொடுத்து அனுப்புவோம். இவ்வாறு மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் அருகில் நின்று பார்த்தோம். போன ஆண்டு நிரப்பிய வாயு எங்கே போயிற்று என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை.

குளிரூட்டியில் உள்ள வாயு பெற்றோலைப் போலச் செலவாவதன்று. மூடிய குழாயினுள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறையினுள்ளே திரவநிலையிலிருந்து ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே அமுக்கியினால் நெருக்கப்பட்டு மீண்டும் திரவமாகும்போது அவ்வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. மண்குடத்துத் தண்ணீர் குளிர்வதும் இதே நியாயத்தினாற்றான். குழாயில் ஓட்டை இல்லாதவரை அந்த வாயு குறையாது. குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது ஓட்டைக் குடத்தோடு கிணற்றடிக்குப் போவதற்கு ஒப்பாகும்.

சென்ற சித்திரையில் பெட்டி மீண்டும் நின்றது. இம்முறை நாம் அழைத்த இடத்திலிருந்து வந்தவன் எமது பழைய மாணவன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியோடு நிறுத்திவிடுவான். பத்தாண்டுகளுக்குப் பின் கருவிப் பையோடு வாசலில் நின்றான். இடக்கையின் இரு விரல்களில் தோல் வெளிறிச் சுருங்கியிருந்தது. திரவவாயு பீறிட்டு அடித்தால் சதை உறைந்து இப்படியாகும் என்று, கேட்ட பின்னர் சொன்னான்.

பெட்டியின் பக்கத்துத் தகட்டை வாசித்தான். வெளியே போய்த் தொலைபேசியில் எவருடனோ பேசினான். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை.

"சேர், இது இருபத்திரண்டு. எங்கட முதலாளி மற்றக் காஸை அடிக்கச் சொல்லுறார். இதுக்குள்ள அதை அடிக்க ஏலாது."

"அடிச்சால் குளிராதோ, தம்பி?"

"குளிரும் சேர். நல்லாய்க் குளிரும். அதுதான் பிரச்சினை." சற்று நின்று, "அம்மான்ர கட்டில் நிலத்தில இருந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியின் பொருள் எமக்கு விளங்குவதற்குச் சில நாட்கள் பிடித்தன. விளங்கியதை வாசகர்க்குச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

ஆதியில் குளிர்ப்பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு ஆகியன பயன்பட்டன. அவை கசிந்தால் வீட்டிலிருப்போர் மாண்டுபோவர். இதற்குத் தீர்வாக 1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜிலி என்னும் இரசாயனவியலாளர் தம் துணைவர்களோடு ஒரு குளோரோபுளோரோகாபனை உருவாக்கினார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்பதைக் காட்டுவதற்காக, 1930இல் அறிஞர் சபையொன்றின் முன் அவர் அவ்வாயுவைத் தம் நெஞ்சினுள் இழுத்து, அதனை ஊதியே மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். சபையிலிருந்த எவர்க்கும் அந்த வாயு தீங்கு செய்யவில்லை. சபைக்கு வெளியே அது எங்கே போகும் என்பது அன்று கேள்வியாக எழவில்லை. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர், அது மேல்வளிமண்டலம் சென்று ஓசோனைச் சிதைக்கும் என்று எழுதினர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் படை பெரிதும் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. இலங்கை 1989இல் அதிற் சேர்ந்தது.

எம் வீட்டுப் பெட்டியிலுள்ள ஆர்-22 அந்தக் குடும்பத்தின் சாதுவான பிள்ளை. ஓசோனுக்கு அது செய்யும் தீங்கு குறைவு, இல்லை என்பதன்று. வளர்முக நாடுகளில் அதன் பாவனை 2030உடன் முடிவுக்கு வரவேண்டும். அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதிலே அண்ணனை மிஞ்சியது. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ காபனீரொட்சைட்டு செய்யும் வேலையை ஆர்-22 செய்வது 1,810 மடங்கு. ஆர்-410ஏ செய்வது 2,088 மடங்கு. இப்பொழுது கடைகளிற் காணும் ஆர்-32, 675 மடங்கு. ஆர்-290 என்று இலக்கமிடப்பட்ட வாயுவோ மூன்று மடங்களவே. இந்த ஆர்-290 வேறொன்றுமன்று, எம் சமையல் எரிவாயுவில் பியூட்டேனோடு கலந்திருக்கும் புரொப்பேன்தான். 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மொன்றியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, இச்சூடாக்கும் வாயுக்களையும் படிப்படியாகக் குறைப்பதென முடிவாயிற்று. இலங்கை அதனை 2018இல் ஏற்றது. எம்போன்ற நாடுகள் 2024இலிருந்து அளவைக் கூட்டாது நிறுத்தி, 2045அளவில் ஐந்தில் நான்கு பங்கைக் குறைக்க வேண்டும்.

ஒரு மாலை, தாளும் பேனையும் எடுத்து எம் முற்றத்துக் கணக்கைப் பார்த்தோம். முறைக்கு முக்காற் கிலோ, மூன்று முறை. நாம் காற்றில் விட்டது ஏறத்தாழ நான்கு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடு. எமது மோட்டார் சைக்கிளில் 1,700 லீற்றருக்கு மேல் பெற்றோலை எரித்தாற்றான் அவ்வளவு வரும். நாம் பாடசாலையில் சூழல் தினப் பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருப்பவர்கள்!

இனி அந்தக் கட்டிலின் உயரம். ஆர்-22 கொதிப்பது ஏறக்குறைய நாற்பத்தொரு பாகை உறைநிலைக்குக் கீழே. புரொப்பேன் நாற்பத்திரண்டு பாகை கீழே. இரண்டின் குணமும் அமுக்கமும் இவ்வளவு அண்மையில் இருப்பதனால், பழைய ஆர்-22 பெட்டியில் புரொப்பேனை அடைத்தாலும் பெட்டி மறுப்புச் சொல்லாது. வாடிக்கையாளர் மகிழ்வார், முதலாளிக்குச் செலவு மிச்சம். ஆனால் புரொப்பேன் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு கலந்தாலே பற்றக்கூடியது. காற்றிலும் பாரமானது, கசிந்தால் தரையிற் படியும். சமையல் வாயுவுக்குச் சேர்க்கும் நாற்றமும் இதற்கு இல்லை. எம் பெட்டியோ ஏற்கெனவே கசிவது. தீப்பற்றும் வாயுவை எண்ணிச் செய்யப்படாதது. தாயாரின் அறையில், தாழ்ந்த கட்டிலுக்கு அருகே, சாமிப் படத்தின் முன் விளக்கெரிகிறது. 2021இன் இறுதியில் நாடெங்கும் சமையலறைகளில் எரிவாயு வெடித்ததையும், புரொப்பேன் விகிதத்தைப் பற்றி எழுந்த சர்ச்சையையும் மறந்தவர் இங்கு எவருமிலர்.

அதற்காகப் புரொப்பேனைப் பேய் என்று விரட்டுவோர் கட்சியிலும் நாம் சேரோம். அதற்கென்றே செய்த பெட்டியில், சில நூறு கிராம் அளவில், விதிப்படி பொருத்தினால் அது நல்ல பணியாள். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2012இலிருந்தே அத்தகைய வீட்டுக் குளிரூட்டிகளை விற்றிருக்கிறது. குளிர்ப்பெட்டிகளின் வரலாறு இன்னும் சுவையானது. கிழக்கு ஜேர்மனி மறைந்த பின், 1992இல், சாக்சனியின் சார்ஃபென்ஸ்டைன் என்னும் ஊரிலிருந்த அரச குளிர்ப்பெட்டித் தொழிற்சாலை மூடப்படவிருந்தது. வேலை பறிபோகும் நிலையில் நின்ற அத்தொழிலாளரோடு கிறீன்பீஸ் இயக்கம் கைகோத்து, ஐதரோகாபன் வாயுவில் இயங்கும் பெட்டியைச் செய்வித்தது. பெருங் கம்பனிகள் அது வெடிக்கும் என்று எச்சரித்தன. மக்கள் ஆயிரமாயிரமாக முன்பதிவு செய்தனர். எச்சரித்த கம்பனிகளே சிறிது காலத்துள் அம்முறைக்கு மாறின. கிறீன்பீஸ் அந்நுட்பத்துக்குக் காப்புரிமை கேளாமல் உலகுக்குத் திறந்துவிட்டது. தொழிற்சாலையோ சில ஆண்டுகளில் நொடித்துப்போயிற்று. இன்று எம் வீடுகளிலுள்ள புதிய குளிர்ப்பெட்டிகளின் பின்புறத்தில் ஆர்-600ஏ என்றிருக்குமாயின், அது ஐசோபியூட்டேன். அந்தத் தொழிலாளர் விட்டுச்சென்ற சொத்து.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. வாயு எவ்வளவு தூய்மையானதாயினும், பெட்டி குடிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் கிடந்தபோது, தாயாருக்குப் பனையோலை விசிறியால் வீசியபடி நாம் எண்ணியது புவியை அன்று, விடியலை மட்டுமே. அந்த எண்ணத்துக்காக வெட்கப்படவும் இல்லை.

அன்று மாணவன் எம் பெட்டியில் எதையும் அடைக்கவில்லை. முதலாளி அந்த நாட்கூலியைக் கொடுக்கவில்லை என்பதையும், அடுத்த வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதையும் பின்னர் பிறர் வாயிலாக அறிந்தோம். எம் தாயாரின் கட்டில் உயரத்தைக் கேட்ட குற்றத்துக்கு அவன் பெற்ற கூலி அதுவே. பத்து நாட்கள் கழித்து, ஒரு நண்பனிடம் வாயு இழுக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிவந்து, எஞ்சியிருந்த ஆர்-22ஐ ஒரு சிலிண்டரில் ஏற்றிப் பெட்டியைக் கழற்றினான். பணம் வாங்க மறுத்தான். அதற்குப் பதிலாக, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கைந்நூலை நீட்டினான்.

"சேர், இதைத் தமிழில எழுதித் தருவியளோ?"

ஆர்-32 குளிரூட்டிகளைப் பொருத்தும் முறையைக் கூறும் ஆங்கிலக் கைந்நூல் அது. படங்களைப் பார்த்தே இதுவரை வேலை செய்திருக்கிறார்கள். எச்சரிக்கைகளுக்குப் படமில்லை. ஆர்-32 புரொப்பேனைப் போல எளிதிற் பற்றுவதன்று; ஆயினும் பற்றாததும் அன்று. அடைத்த சிற்றறையில் ஒட்டுவேலைக்கு நெருப்பு மூட்டுமுன் என்ன செய்யவேண்டும் என்பது பதினான்காம் பக்கத்தில், அவனால் வாசிக்க முடியாத மொழியில், சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

ஞாயிறு மாலைகளில் இருவரும் இருந்து எழுதினோம். பல்கலைக்கழகத்தில் சங்கப் பாடலுக்கு உரை எழுதிப் பழகிய கை, ஒரு கைந்நூலிடம் தோற்ற கதை இது. எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாமற் சிலிண்டருக்குள் ஏற்றுவதற்கு 'மீள்கைப்பற்றல்' என்று எழுதினோம். வாசித்துவிட்டுச் சிரித்தான். "பொலிசு கள்ளனைப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு சேர்." உங்களுக்குள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். வாயுவை வெளியே விடுவதற்குச் சொல் உண்டாம்: காஸை விடுறது. பிடிப்பதற்குச் சொல் இல்லை. ஏனென்றால் அதனைச் செய்பவர் மிக அரிது. ஈற்றில் 'வாயுவைப் பிடித்தல்' என்றே எழுதினோம். 'எரிபற்றல் மூலங்கள்' என்றதையும் அவனே திருத்தினான்: பொறி பறக்கக்கூடிய எதுவும், சுவிச்சு, அடுப்பு, சாம்பிராணி, சாமி விளக்கு. கலைச்சொல் அகராதி எதிலும் சாமி விளக்கு இராது.

இக்கட்டுரையை எழுதும் வேளையில் இன்னும் பதினொரு பக்கங்கள் எஞ்சியுள்ளன. புதிய பெட்டி வாங்க எம்மிடம் வசதி இல்லை; தாயாரின் அறை யன்னலுக்கு வெளியே பந்தல் போட்டு, கூரைக்கு வெள்ளை பூசி, விசிறியோடு சமாளிக்கிறோம். அவன் இப்போது கிளிநொச்சிப் பக்கம் தனியாக வேலை செய்கிறான்.

சென்ற ஞாயிறு ஒரு வரியில் நின்றுபோனோம். பொருத்தும் வேலையைத் தகைமை பெற்றவர் மட்டுமே செய்யவேண்டும் என்பது அந்த வரி. கைந்நூலில் அது ஏழு இடங்களில் வருகிறது. பதினேழு வயதிலிருந்து இத்தொழிலைச் செய்கிறான். கையில் ஒரு சான்றிதழும் இல்லை. தேசிய தொழிற்றகைமைத் தேர்வுக்குத் தோற்றலாமே என்றோம். போகலாம், ஆனால் அந்த நாட்களின் கூலியை யார் தருவார் என்றான். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்:

"தகைமை பெற்றவர் எண்டு எழுதியிருக்கு. அது ஆர் சேர், நானோ?"

அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.