இல்லமே முதல் ஓதும்பள்ளி

‘ஓதுவீராக’ என்பதே திருமறையில் முதன்முதல் அருளப்பெற்ற சொல். ஆயினும் நம் சிறார் பலர் எழுத்துக்கூட்டி ஓதுகின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர். இக்குறையைத் தீர்க்க இல்லத்தாலேயே இயலும்.

‘பே’ எனும் அரபு எழுத்தின் மேலும் கீழும் குறியிட்டால் ப, பி, பு என ஒலி மாறுவதைப் பிள்ளை அறியும். தமிழிலும் அவ்வாறே என்று காட்டுங்கள். 12 உயிரும் 18 மெய்யும் அறிந்தால் 216 உயிர்மெய்யும் வசப்படும்.

மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம் போதும். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் படிக்கட்டும். ‘பிறகு என்ன நடந்தது?’ என வினவுங்கள், பிழைக்காக அதட்டாதீர்கள்.

“எனக்கே படிக்கத் தெரியாதே” எனத் தயங்கும் தாய்மாரே! அரபுத் தமிழில் மாலைகளை ஓதிய நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள். நீங்கள் அருகமர்ந்து, “எனக்குப் படித்துக் காட்டு, கண்ணே” என்று கேளுங்கள். பிள்ளை படிக்கும், நாளடைவில் நீங்களும் படிப்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.