சுண்ணாம்பு அடித்தவன் சுவர்

ஏப்ரல் 14 நெருங்கும்போது பிரஷ்ஷும் டப்பாவுமாகக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு சேரியில் வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறையில் சித்தப்பாவோடு சுவர் எழுதப் போவேன். சுண்ணாம்பில் வஜ்ரம் கலக்குவது என் வேலை. சுவர் காய்ந்ததும் நூலை நீலத்தில் நனைத்து, ஆளுக்கொரு முனை பிடித்துச் சுண்டுவோம்; நேர்கோடு விழும். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று தடித்த எழுத்து, ஓரத்தில் கறுப்பு நிழல்.

பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சுவரில் நடப்பது வேறு சட்டம். வெள்ளை அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் சுவர் 'ரிசர்வ்'. இன்னொரு கட்சி தொடாது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தலைவர் முகத்தின் மேல் போஸ்டர் ஒட்டக் கூடாது. மீறினால் அடிதடி. எங்கேயும் எழுதி வைக்காத இந்த விதிகளை எல்லாக் கட்சிக்காரர்களும் மதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் ஊர்த் தெரு முனையில், கடைக்காரரிடம் கேட்டு, இரண்டு வாரம் முன்பே வெள்ளை அடித்தோம். சித்தப்பா பாபாசாகேபை வரைந்தார். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். மறுநாள் காலை படம் முழுக்கச் சாணி. கடைக்காரர், "நான் எப்பப்பா சரின்னு சொன்னேன்?" என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் சமாதானமாகவே பேசினார்: "உங்க தெருவுல எத்தன வேணா வரஞ்சிக்கோங்க. யாரு வேணான்றது?"

திரும்பி வரும்போது சித்தப்பா சொன்னார்: "அவங்க வெள்ள அடிச்சா ரிசர்வு. நாம அடிச்சா அது செவுத்துக்கு அடிச்ச ஓசி வெள்ளடா."

வரதராஜர் கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று தலைமுறைகளாக வழக்காடிய ஊர் எங்களுடையது. அது உரிமை வழக்கு. நாங்கள் ஒரு சுவர் கேட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. 2014-இல் பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தபோது, "ஒரு சுவருக்கா இத்தனை கொலை?" என்று கல்லூரி நண்பன் கேட்டான். அவன் தெருவில் எந்தச் சுவரும் அவனை நிறுத்தியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று எங்கள் தெருவிலேயே வரைந்து முடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே தோழர்களே, கேட்டு எழுதுங்கள். அடுத்தவர் எழுத்தை அழிக்காதீர்கள். அவை நல்ல விதிகள். எந்தத் தெருவரை நீலம் போகலாம் என்ற விதியை மட்டும் ஏற்காதீர்கள். அனுமதியைக் கையெழுத்தாக வாங்குங்கள். வரைந்து முடித்ததும் போட்டோ எடுங்கள். சாதி வெறியர்கள் படத்தைச் சிதைத்தால் பேசி முடிக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தின்படி, நம் மக்கள் உயர்வாக மதிக்கும் ஒரு சிலையையோ படத்தையோ சேதப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் குற்றம். பிரிவு 3(1)(ட்டி). புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

சித்தப்பா இப்போது இல்லை. அவருடைய நூலுண்டை என்னிடம் இருக்கிறது. நீலம் இன்னும் போகவில்லை.

ஜெய்பீம்.