கரிசல் வேலியில் ஒரு கறிமணம்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் குளத்தூருக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவது மண்ணின் கருமையே. தை மாதத்தில் நாங்கள் சென்றபோது அக்கருமையின்மேல் மல்லிச் செடிகள் பூவும் காயுமாய் நின்றன. ஐப்பசி மழையோடு விதைக்கப்பட்டவை அவை. மல்லியை முழுதாக விதைப்பதில்லை. தேய்த்து இரண்டாக உடைத்தே விதைக்கின்றனர். அதன்பின் கரிசல் தன்னுள் பிடித்து வைத்த ஈரமும் மார்கழிப் பனியுமே துணை. நீரருமை மிக்க இவ்வானம் பார்த்த பூமியில் காய்கறித் தோட்டம் எளிதன்று. ஆகவே இவ்வூர் அடுப்படி சுவைக்கும் நலத்துக்கும் மல்லியையும் மிளகாயையும், வேலியில் தாமே படரும் மூலிகைகளையும் நம்பி வாழ்ந்திருக்கிறது.

நாங்கள் தங்கிய வீட்டு ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். காலையிலேயே எங்களை வேலியோரம் அழைத்துச் சென்றார்.

"முத்தினதைத் தொடாதீங்கய்யா, கொழுந்தா ஒடிங்க" என்றார், பிரண்டையைக் காட்டி.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்தார். நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறும்வரை பொறுமையாக வதக்கினார். வறுத்த உளுந்து, வற்றல் மிளகாய், புளி, சிறிது உப்புச் சேர்த்து அம்மியில் அரைத்தார். பிரண்டையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே நாவையும் தொண்டையையும் அரிக்கச் செய்கின்றன. வதக்கலும் புளியும் அதை அடக்குகின்றன. இதனை அறியாமல் முன்னொருமுறை எங்கள் வீட்டில் அரைவேக்காட்டுத் துவையல் அரைத்து, குடும்பமே மாலைவரை தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது!

நண்பகலில் தூதுவளை இரசம். முள் நீக்கிய இலையை மிளகு, சீரகத்தோடு தட்டிப் போட்டு, வறுத்துப் பொடித்த மல்லியைக் கடைசியில் தூவி, நுரை கூடியதும் இறக்கினார். உப்பு மிகக் குறைவு. ஆயினும் குறை தோன்றவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மணமும் காரமும் புளிப்பும் சேர்ந்தால் உப்பைக் குறைப்பது அத்தனை கடினமன்று என்பதை அன்று நாவால் அறிந்தோம்.

ஆச்சிக்கு ஓர் எல்லையும் தெரிந்திருந்தது. இப்பகுதியில் விளையும் நிலவாகை, திருநெல்வேலியின் பெயரோடு வெளிநாடு செல்லும் பேதி மருந்து. அதை அவர் அடுப்படிக்குள் விடுவதேயில்லை. "அது மருந்து, இது சோறு" என்றார். முடக்கத்தான் தோசை மூட்டுவலிக்கு நல்லது என்பர். அதற்காக மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடுவது பேதைமை.

ஆச்சியின் மனக்குறை வேறு. வேலியின் பாதியைச் சீமைக்கருவேல் விழுங்கிவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பேத்திக்குத் தூதுவளைக்கும் கண்டங்கத்திரிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

"கடையில பொட்டலமா விக்குது, முள்ளுக்குள்ள எதுக்கு ஆச்சி கையை விடணும்னு கேக்கா" என்றார்.

பேத்தி சிரித்தாள். எங்கள் பிள்ளைகளும் அதே நிலைதான் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

புறப்படும்போது கணுவுள்ள நான்கு பிரண்டைத் துண்டுகளைத் தாளில் சுற்றித் தந்தார். கொல்லைப்புறச் சுவரோரம் நட்டோம், இரண்டு பிழைத்தன. பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டே கொழுந்து ஒடித்தோம். இம்முறை நன்றாக வதக்கினோம்.